கை மெதுவாகிவிட்டதா? முதலில் டிவியைப் பாருங்கள்

1990களில் பள்ளிவிட்டு வந்ததும் சாமுராய், லிட்டில் மாஸ்டர் மாதிரி டிவி கேம் பெட்டிகளில் மேரியோவும் கான்ட்ராவும் விளையாடிய பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அவர்களுக்குக் கேசட் வாங்கிக் கொடுத்து, ராத்திரியில் தாங்களும் கூட உட்கார்ந்து டேங்க் ஆடிய சித்தப்பா, மாமாக்களுக்கு அறுபதை நெருங்கியிருக்கும். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குபவர்கள் நிறைய பேர். பரணில் கிடந்த பெட்டியை இறக்குகிறார்கள், அல்லது மகனுக்கு வாங்கிய கன்சோலில் அவன் தூங்கிய பிறகு உட்காருகிறார்கள். முதல் குழியிலேயே மேரியோ விழுகிறான். அடுத்த முறையும் அதே குழி. ‘வயசாயிடுச்சு, கை ஓடல’ என்று கேம் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

அந்த முடிவுக்கு அவ்வளவு சீக்கிரம் வர வேண்டாம். ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற பாட்டி 1930-ல் பிறந்தவர். 1981-ல், 51 வயதில்தான் முதன்முதலில் வீடியோ கேம் ஆடத் தொடங்கினார். 2020-ல் உலகின் மிக மூத்த கேமிங் யூடியூபர் என்று கின்னஸில் இடம்பிடித்தார். வயதால் வேகம் கொஞ்சம் குறையும், அது உண்மைதான். ஆனால் நாற்பதிலும் ஐம்பதிலும் குழியில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. டிவி, கண்ணாடி, ரிமோட்டைப் பிடிக்கும் விதம், கேமின் செட்டிங் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, கடைசியாக வயதுக்கு வரலாம். கீழே சொல்லியிருப்பதும் அதே வரிசைதான்.

டிவி செய்யும் தாமதம்

பழைய குண்டு டிவிக்கு யோசிக்கத் தெரியாது. பெட்டியிலிருந்து சிக்னல் வர வர, அப்படியே கோடு கோடாகத் திரையில் வரைந்துவிடும். இன்றைய தட்டை டிவி அப்படி இல்லை. வந்த படத்தை முதலில் நினைவகத்தில் வாங்கி வைக்கும். அதைப் பெரிதாக்கும், புள்ளிகளைத் துடைக்கும், நிறத்தை ஏற்றும், அசைவை வழவழப்பாக்க நடுவில் புதுப் படங்களையும் செருகும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் திரைக்கு அனுப்பும். சினிமா பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது, ஏனென்றால் ஒலியையும் சேர்த்துத் தாமதப்படுத்திவிடும். கேமில் அப்படி ஏமாற்ற முடியாது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. சாதாரண சினிமா மோடில் இருக்கும் டிவி 100 மில்லி விநாடி தாமதம் செய்தால் அது 6 படம். 1985-ல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸில், பி பட்டனை அழுத்திக்கொண்டு முழு வேகத்தில் ஓடும் மேரியோ ஒரு படத்துக்குத் திரையில் 2.5 புள்ளி (பிக்சல்) நகர்கிறான். 6 படத்தில் 15 புள்ளி. அந்தக் கேமில் ஒரு செங்கல்லின் அகலமே 16 புள்ளிதான். அதாவது குழிக்கு முன்னால் கடைசிச் செங்கல்லின் மேல் மேரியோ நிற்பதாக உங்கள் கண் பார்க்கும் நேரத்தில், பெட்டிக்குள் அவன் ஏற்கெனவே விளிம்புக்குப் போய்விட்டான். சின்ன வயதில் பழகிய அதே நொடியில்தான் உங்கள் கை அழுத்துகிறது. கை சரி, படம்தான் பழசு.

சரிசெய்யும் வேலை ஐந்து நிமிடம்தான். கன்சோலை ஆன் செய்து, அது இணைந்திருக்கும் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் இருக்கும்போதே டிவியின் செட்டிங்ஸுக்குப் போங்கள். பல டிவிகளில் பட மோட் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியாக நினைவில் இருக்கும். கேபிள் சேனலில் இருந்தபடி மாற்றினால் கன்சோலுக்குப் பலிக்காது, பலரும் ஏமாறும் இடம் இது. பிக்சர் மோடில் ‘கேம்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இல்லாவிட்டால் ‘ஜெனரல்’ அல்லது வெளிச் சாதனங்களுக்கான பகுதிக்குள் ஒளிந்திருக்கும். அதன் பிறகும் மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட் இவை மூன்றும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். புது கன்சோலும் புது டிவியுமாக இருந்தால், ‘ஆட்டோ லோ லேட்டன்ஸி’ என்ற ஒன்றை இரண்டு பக்கமும் போட்டுவிட்டால் கேம் தொடங்கும்போது டிவி தானாகவே மாறிக்கொள்ளும். கேம் மோடில் நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடும்.

உண்மையிலேயே மாறியதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இப்போதைய போன்கள் பலவற்றில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. ரிமோட்டின் பட்டனும் டிவித் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி போனை யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். குதிக்கும் பட்டனைச் சட்டென்று அழுத்துங்கள். பிறகு அந்த வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி, விரல் பட்டனை முழுதாக அழுத்திய படத்திலிருந்து திரையில் ஆள் அசையத் தொடங்கும் படம்வரை எண்ணுங்கள். ஒரு படத்துக்குச் சுமார் 4 மில்லி விநாடி. 24 படம் என்றால் 100 மில்லி விநாடி. கேம் மோட் போடுவதற்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். கேமும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு படம் எடுத்துக்கொள்ளும் என்பதால் பூஜ்யம் வராது. இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் டிவி தின்றுகொண்டிருந்த நேரம்.

ஒலியையும் பாருங்கள். புளூடூத் ஸ்பீக்கர், புளூடூத் இயர்போன் இவற்றில் ஒலி கண்ணுக்கே தெரியும் அளவு பின்தங்கும். தாளத்தோடு ஆடும் கேம்களும் எதிரியின் காலடிச் சத்தத்தை நம்பும் கேம்களும் அதில் சரியாக வராது. வயர் போட்ட இயர்போன் போதும்.

பரணிலிருந்து இறக்கிய பெட்டி

நம் ஊரில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அதனால்தான் கேசட்டில் 60 பின் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு 30. அமெரிக்காவில் விற்ற அதே கம்பெனிப் பெட்டிக்கு 72 பின். ஆன்லைனில் கேசட் தேடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, நுழையவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இறக்கியவுடன் பிளக்கில் சொருகாதீர்கள். அடாப்டரின் மேல் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். அவுட்புட் என்ற இடத்தில் டிசி என்று இருக்க வேண்டும். பெரும்பாலான நகல் பெட்டிகள் 9 வோல்ட் டிசி கேட்கும். வீட்டில் கிடக்கும் வேறு ஏதோ அடாப்டரின் முனை பொருந்துகிறது என்பதற்காகச் சொருகினால், அது ஏசி வெளியிடும் வகையாகவோ துருவம் மாறியதாகவோ இருந்துவிடலாம். அசல் ஃபேமிகாமில் நடு முனை நெகட்டிவ். இன்றைய அடாப்டர்கள் பலவற்றில் நடு முனை பாசிட்டிவ். பெட்டியின் அடியிலோ சாக்கெட் பக்கத்திலோ வட்டத்துக்குள் புள்ளி போட்ட சின்னப் படம் இருக்கும், அடாப்டர் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் காட்டும் துருவம் அதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரைச் சும்மா அளந்தால் 12, 13 வோல்ட்கூடக் காட்டும். பயப்பட வேண்டாம், பெட்டியோடு இணைத்ததும் இறங்கிவிடும். ஆனால் 12 வோல்ட் என்றே எழுதியிருக்கும் அடாப்டர் வேண்டாம். உள்ளே 7805 என்ற ரெகுலேட்டர் வருகிற மின்சாரத்தை 5 வோல்ட்டாக இறக்குகிறது. மிச்சத்தை வெப்பமாகத்தான் வெளியேற்றும். 9 வோல்ட்டில் 4 வோல்ட் மிச்சம், 12-ல் 7 வோல்ட். அரை மணி ஆடியதும் படம் உறைந்துபோய், ஆறிய பிறகு மறுபடி ஓடினால் முதல் சந்தேகம் இங்கேதான். படத்தில் குறுக்குக் கோடுகள் மெல்ல உருண்டு போனால், பவர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் பெரிய மின்தேக்கி உலர்ந்திருக்கலாம். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதைவிட அதிகம், இந்த இரண்டையும் சொல்லிக் கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

அடுத்தது கேசட். எல்லோரும் ஊதினோம். ஊதியதும் ஓடியது. ஓடியதற்குக் காரணம் ஊதியது இல்லை, கேசட்டை வெளியே எடுத்து மறுபடி சொருகியதுதான். பின்கள் சொருகும்போது உரசி, கொஞ்சம் வேறு இடத்தில் உட்கார்ந்தன. மூச்சில் இருந்த ஈரம் அந்தச் செப்புப் பட்டைகளில் படிந்து, இத்தனை வருடத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ கறை பிடித்திருக்கும். அதை இப்போது எடுக்க வேண்டும்.

தேவையானவை: 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில், காது குடையும் பஞ்சுக் குச்சி பத்து, வெள்ளை ரப்பர் ஒன்று. குச்சியின் ஒரு முனையை ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்துவிட்டு, பின்னின் நீளவாக்கில் உள்ளிருந்து வெளியே இழுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒரு பின்னின் அழுக்கு அடுத்த பின்னுக்கு நடுவே போய் அடைக்கும். பஞ்சு சாம்பல் நிறமாகும். உடனே உலர்ந்த முனையால் துடைத்துவிட்டு, புதுக் குச்சி எடுங்கள். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை இரண்டு பக்கமும் செய்யுங்கள். நான்கைந்து குச்சியாவது ஆகும். கறை போகாத பின் மட்டும் வெள்ளை ரப்பரால் லேசாக நாலு தடவை, மறுபடி ஆல்கஹால். பத்து நிமிடம் உலர விட்டுச் சொருகுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், அது கறையோடு மேல்பூச்சையும் சுரண்டிவிடும், பிறகு கறை இரட்டை வேகத்தில் பிடிக்கும். கை கழுவும் சானிட்டைசரும் உதவாது, அதில் இருக்கும் வழவழப்புப் பொருள் பின்னிலேயே தங்கிவிடும். பெட்டியின் சாக்கெட்டைச் சுத்தம் செய்ய, பவரை எடுத்துவிட்டு, ஆல்கஹால் தடவிய கேசட்டையே எட்டுப் பத்துமுறை சொருகி எடுத்தால் போதும்.

திரையைப் பார்த்தே கோளாறு எங்கே என்று ஓரளவு சொல்லலாம். ஃபேமிகாம் கேசட்டில் கேமின் நிரலுக்கு ஒரு வழி, படங்களுக்கு இன்னொரு வழி. இசை ஓடுகிறது, ஆளும் நகர்கிறான், ஆனால் எழுத்தும் செங்கல்லும் சிதறித் தெரிகின்றன என்றால் படங்களின் வழியில் ஏதோ பின் தொடவில்லை. ஒரே நிறத்தில் வெறும் திரை என்றால் நிரலே படிக்கப்படவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து மேலே சொன்ன சுத்தம்தான். எவ்வளவு துடைத்தும் வராத ‘64 இன் 1’ வகைக் கேசட்டைத் திறந்து பார்த்தால், சிப் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் உருண்டை இருக்கும். அதற்குள் போன கோளாறைச் சரிசெய்ய முடியாது. மனதைத் தேற்றிக்கொண்டு வேறு கேசட் தேட வேண்டியதுதான்.

ரிமோட்டில் பட்டன் அழுத்தியும் வேலை செய்யவில்லையா? பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றுங்கள். பட்டனுக்குக் கீழே ரப்பர், அதன் அடியில் கறுப்புக் கார்பன் வட்டம் இருக்கும். பலகையின் தொடுபகுதியை ஆல்கஹாலால் துடைக்கலாம். ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் மட்டும் துடையுங்கள், கார்பனை அழுத்தித் தேய்த்தால் அதுவே போய்விடும்.

பழைய பெட்டி, புது டிவி

பெட்டியில் மஞ்சள், வெள்ளை ஏவி முனைகள் இருந்தால் நல்லது. புது டிவிகள் பலவற்றில் மூன்று வட்டத் துளைகளுக்குப் பதில், இயர்போன் துளை மாதிரி ஒன்றுதான் இருக்கும். அதற்கான குட்டிக் கேபிள் டிவியோடு அட்டைப்பெட்டியில் வந்திருக்கும். தொலைத்துவிட்டுக் கடையில் வேறு வாங்கினால், உள் இணைப்பின் வரிசை மாறியிருக்கக்கூடும். படம் வராமல் உறுமல் சத்தம் மட்டும் வந்தால், மஞ்சளைச் சிவப்பு முனையில் மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

டிவியில் ஏவியே இல்லை என்றால், ஏவி சிக்னலை எச்டிஎம்ஐயாக மாற்றித் தரும் மாற்றுப் பெட்டி வேண்டும். வாங்கும்போது ‘ஏவி டூ எச்டிஎம்ஐ’ என்று இருக்கிறதா என்று இரண்டு தடவை படியுங்கள். ‘எச்டிஎம்ஐ டூ ஏவி’ என்பதும் அதே நிறம், அதே அளவு, அதே விலையில் பக்கத்திலேயே இருக்கும். அது எதிர்த்திசைக்கானது, நமக்கு உதவாது. சில நூறு ரூபாய்ப் பெட்டியில் ஒரு குறை உண்டு. பழைய கேம்கள் அனுப்பும் படத்தில் 240 கோடுகள்தான், ஒவ்வொரு முறையும் முழுப் படம். மலிவுப் பெட்டி அதை டிவி நிகழ்ச்சி மாதிரி இரண்டு பாதிகளாக வரும் 480 கோடு என்று நினைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுகிறது. விளைவு, அசையும்போது சீப்புப் பல் மாதிரி விளிம்பு, கூடவே தாமதம். கான்ட்ராவில் செத்து மறுபடி பிறந்தவன் மினுமினுப்பான் இல்லையா, அந்த நேரத்தில் ஆளே காணாமல்கூடப் போகலாம். எப்போதாவது விளையாட இது போதும். தினமும் ஆடுவதென்றால் ரெட்ரோடிங்க் மாதிரி, 240 கோட்டைச் சரியாக அடையாளம் காணும் கருவிக்குப் பணம் சேர்ப்பது நல்லது. எதுவானாலும் டிவியில் படத்தின் வடிவத்தை 4:3 என்று வையுங்கள். அகலமாக இழுத்தால் மேரியோ குண்டாவது மட்டுமில்லை, குதிக்கும் தூரத்தைக் கண் தப்பாக அளக்கும்.

வாத்து சுடும் துப்பாக்கி தட்டை டிவியில் வேலை செய்யாது, எந்த மாற்றுப் பெட்டி வைத்தாலும். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த ஒளியை உடனடியாகத் துப்பாக்கியின் மூக்கில் இருக்கும் உணரி பார்க்க வேண்டும். தட்டை டிவி அந்தக் கட்டத்தைத் தாமதமாக வரைவதால் சுட்டதெல்லாம் வீண். குண்டு டிவி இன்னும் ஓடும் நிலையில் இருந்தால், துப்பாக்கிக்காகவாவது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பெட்டியே இல்லாதவர்களுக்கு

அசல் கம்பெனிகளே பழைய கேம்களைத் தொகுத்து விற்கின்றன. கொனாமியின் கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் 2019-ல் வந்தது. நாம் ‘டேங்க்’ என்றே அழைத்த பேட்டில் சிட்டி, 2020-ல் வந்த நாம்கோ மியூசியம் ஆர்க்கைவ்ஸ் இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. பிரவுசிங் சென்டர் காலத்துக் கம்ப்யூட்டர் கேம்களுக்கு ஜிஓஜி தளத்தைப் பாருங்கள், இன்றைய விண்டோஸில் ஓடும்படி திருத்தியே தருகிறார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் 1999-ல் வந்தது. அதன் புதுப்பித்த வடிவம் 2019-ல் வெளியாகி இன்றும் சுறுசுறுப்பாக இருக்கிறது.

சொந்தக் கேசட்டிலிருந்து எடுத்த கேமை எமுலேட்டரில், அதாவது பழைய பெட்டி மாதிரியே நடிக்கும் மென்பொருளில் ஆடுகிறவர்கள், அந்த வகையைச் சேர்ந்த ரெட்ரோஆர்க்கில் ‘ரன் அஹெட்’ என்பதைப் போட்டுப் பாருங்கள். கேம் தனக்குள் வீணாக்கும் படங்களை முன்கூட்டியே ஓட்டி மறைத்துவிடும் வசதி அது. ஒன்று என்று வைத்துத் தொடங்குங்கள். ஆள் திடீர் திடீரென்று தாவினால் அதிகமாக வைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. வேலை முடிந்து கிடைப்பது ஒரு மணி நேரம், அதில் நாற்பது நிமிடத்தை அப்டேட் சாப்பிட்டுவிடும். கன்சோலை முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோடில் விட்டு, தானாகவே தரவிறக்கும்படி வையுங்கள். கரண்ட் போகும் ஊரானால் சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம், சேமித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் சேமிப்பே கெட்டுவிடலாம்.

கண்

நாற்பதுக்கு மேல் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வருவது இயல்பு. பத்திரிகை படிக்கும் கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கானது. கம்ப்யூட்டர் திரை 60, 70 சென்டிமீட்டரில் இருக்கிறது. டிவி ஆறடியில். ஒரே கண்ணாடியில் மூன்றையும் அடக்கிய புரோகிரஸிவ் வகையில் நடுத்தூரத்துக்கான பகுதி ஒடுக்கமானது. அதில் பார்க்கத் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்கிறோம், ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. கேமால் கழுத்துவலி என்று நினைப்பவர்களில் பலருக்குக் காரணம் கண்ணாடிதான். வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து திரைவரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கண் பரிசோதனைக்குப் போகும்போது சொல்லுங்கள். அந்த ஒரு தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி போட்டுத் தருவார்கள்.

கேமுக்குள் போனதும் சப்டைட்டில் அளவைப் பெரிதாக்கி, எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். இருட்டறையில் ஆட வேண்டாம், டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். திரையை முறைத்துப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால்தான் கண் எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருப்பதை இருபது நொடி பாருங்கள்.

கை

ஐம்பதில் கேம் ஆடுகிறவர் கவனிக்க வேண்டியவற்றில் முதலிடம் கட்டைவிரலுக்கு. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக வலித்தால், கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிப் பிடித்து மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சுரீரென்றால் அங்கே இருக்கும் தசைநாண் உறை வீங்கியிருக்க வாய்ப்புண்டு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் ராத்திரி விழிப்பு வந்தால் அது மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறி. மடக்கிய விரல் மாட்டிக்கொண்டு ‘டக்’ என்று நிமிர்வதும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். எதுவானாலும் சில நாள் ரிமோட்டைத் தொடாமல் இருந்தும் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு ஆடி ஜெயிப்பதில் பெருமை இல்லை.

வராமல் தடுக்கும் வழி எளிது. மடியில் தலையணை வைத்து, இரண்டு முழங்கையும் அதில் தாங்கட்டும். அப்போது மணிக்கட்டு வளையாது, தோளும் இறங்கும். ரிமோட்டைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரி பிடித்தால் போதும். பதற்றமான இடம் வரும்போது நசுக்கிப் பிடிக்கிறோம், நகம் வெளுக்கிறது, அதைக் கவனித்தால் உடனே தளர்த்தலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், காலுக்கும் நல்லது.

பழைய நகல் பெட்டிகளின் ரிமோட்டில் ஏ, பி தவிர மேலே இன்னும் இரண்டு பட்டன்கள் இருக்கும் அல்லவா? அவை டர்போ. பிடித்துக்கொண்டிருந்தாலே படபடவென்று சுடும். சின்ன வயதில் அதைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைத்தோம். இப்போது தாராளமாகத் தொடலாம், கட்டைவிரல் வாழ்த்தும்.

கேமின் செட்டிங்

புதுக் கேம்களில் ‘அக்சஸிபிலிட்டி’ என்ற பகுதியை ஊனமுற்றோருக்கு மட்டுமானது என்று தாண்டிப் போய்விடாதீர்கள். 2020-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட வசதிகள் இருக்கின்றன. நம் வயதுக்கு முதலில் தேட வேண்டியவை மூன்று. பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய இடங்களை ஒருமுறை தட்டினால் போதும் என்று மாற்றுவது ஒன்று. ‘வேகமாகத் தட்டு, தட்டு’ என்று வரும் இடங்களைப் பிடித்தால் போதும் என்று மாற்றுவது இரண்டு. மூன்றாவது, ரிமோட் அதிர்வை அணைப்பது. கேமில் இவை இல்லாவிட்டாலும் பட்டன்களை இடம் மாற்றும் வசதி இப்போதைய கன்சோல்களின் செட்டிங்ஸிலேயே உண்டு. வலிக்கும் விரலின் வேலையைச் சும்மா இருக்கும் விரலுக்குக் கொடுங்கள்.

நாயகனின் கண் வழியாகப் பார்க்கும் கேம்களில் தலை சுற்றுகிறதா? செட்டிங்கில் ‘ஃபீல்ட் ஆஃப் வியூ’ என்று இருக்கும் காட்சிக் கோணத்தை 90 டிகிரி அளவுக்கு விரியுங்கள், மோஷன் பிளர், கேமரா ஆட்டம், நடக்கும்போது தலை ஆடுவது மூன்றையும் அணையுங்கள். குமட்டலின் முதல் அறிகுறியிலேயே நிறுத்துங்கள், தாங்கிக்கொண்டு ஆடினால் பழகாது, கூடத்தான் செய்யும்.

இப்போது வயதுக்கு வருவோம். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 16 முதல் 44 வயதுவரையான 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களைப் பார்த்தார்கள். பார்த்ததற்கும் செய்வதற்கும் இடையிலான நேரம் 24 வயதிலிருந்தே கூடத் தொடங்குகிறது என்று கண்டார்கள். ஆனால் மூத்தவர்கள் குறுக்குவழிகளையும் எளிய உத்திகளையும் நன்றாகப் பயன்படுத்தி அந்த இழப்பை ஈடுகட்டுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆக, 45 வயதுக்காரரை 24 வயதுக்காரராக்க யாராலும் முடியாது. சுட்டியை அங்குமிங்கும் ஓட்டுவதைக் குறைக்க முடியும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் எச் தட்டினால் டவுன் சென்டர், முற்றுப்புள்ளி தட்டினால் சும்மா நிற்கும் ஆள், ஷிஃப்டோடு சொடுக்கினால் ஒரே தடவையில் ஐந்து பேர். இந்த மூன்றை விரலில் ஏற்றினாலே ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆன்லைனில் ஆடுகிறவர்கள் குரல் அரட்டையை முதல் நாளே அணைத்துவிடுங்கள், தேவைப்பட்டால் நண்பர்களோடு மட்டும் திறக்கலாம். ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது என்பதை வீட்டிலும் சொல்லி வையுங்கள். குக்கர் விசிலுக்கு எழுந்து போக வேண்டியவர்கள் நிறுத்தி வைக்கக்கூடிய கேம்களை எடுப்பது நிம்மதி. கார்டு விவரம் சேமித்திருந்தால் வாங்கும் இடத்தில் பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள்.

பழைய கேம்களிலும் உதவி இருந்தது

சூப்பர் மேரியோவில் எல்லா உயிரும் போய் கேம் ஓவர் ஆனதும், தலைப்புத் திரையில் ஏ-யை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் தட்டுங்கள். நீங்கள் இறந்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்தே தொடங்கும். நான்காம் உலகத்தில் செத்தால் மறுபடி 1-1 ஆட வேண்டியதில்லை. நம்மில் பலர் பள்ளி முடிக்கும்வரை இதைத் தெரியாமலே ஆடினோம்.

கான்ட்ராவின் அமெரிக்கப் பதிப்பில் தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. பிறகு ஸ்டார்ட். மூன்றுக்குப் பதில் முப்பது உயிர். இந்த வரிசையைக் கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ 1986-ல் கிராடியஸ் கேமுக்காக வைத்தார். தானே சோதித்துப் பார்க்க அந்தக் கேம் அவருக்குக் கஷ்டமாக இருந்தது, அதற்காகத்தான். எழுதியவருக்கே தேவைப்பட்ட உதவி நமக்குத் தேவைப்பட்டால் கூச்சம் வேண்டாம்.

இரண்டு பேர் ஆடும்போது ஏ அழுத்தியதும் செலக்ட் ஒருமுறை, அதன் பிறகு ஸ்டார்ட். இருவருக்கும் முப்பது முப்பது. பல பெட்டிகளில் இரண்டாவது ரிமோட்டில் செலக்ட், ஸ்டார்ட் இரண்டுமே இருக்காது. அதனால் இந்த வரிசையைத் தட்டப்போகிறவர் முதல் ரிமோட்டை எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் பத்து வயது மகளோ பேரனோ உட்கார்ந்திருந்தால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பத்துத் தட்டலை ஒரு தடவை காட்டினால் போதும், அடுத்த தடவை அவர்களே தட்டுவார்கள்.